கடைமடைக்கு வந்த டர்போ

தை பிறந்து சம்பா கதிர் முற்றியதும் பேராவூரணிப் பக்கம் செயின் வண்டிகள் வந்து இறங்கும். லாரி மேல் ஏறி வந்த அறுவடை இயந்திரம் ரோட்டோரம் இறங்கி, வரப்பைத் தாண்டி வயலுக்குள் போகும்போது காது கொடுத்துக் கேட்டால், இன்ஜின் சத்தத்துக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று தனியாகக் கேட்கும். டிரைவர் ஆக்சிலரேட்டரைக் கூட்டக் கூட்ட விசிலும் ஏறும். டர்போவின் குரல் அது. நம் பக்கம் தென்படும் குபோட்டா டிசி-68ஜி வண்டியில் இருப்பது 2434 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். அந்தச் சின்ன இன்ஜின் 68 குதிரைத்திறன் கொடுத்துச் சேற்றில் இறங்கி வேலை செய்கிறதென்றால், அதில் டர்போவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. இங்கே டர்போ பந்தயக் காரில் வந்து இறங்கவில்லை. நெல் அறுக்கவும் தேங்காய் லோடு ஏற்றவும் வந்தது. இன்று பழைய மாருதி காருக்கு டர்போ பூட்டி, கால் மைல் பந்தயத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை சின்ன ஊர் இளைஞர்களையும் தொட்டிருக்கிறது. ஆசையில் தப்பே இல்லை. ஆனால் இந்தப் பொருள் எங்கே பிறந்தது, யார் யார் கைபட்டு நம்மிடம் வந்தது, வழியில் என்னென்ன அடி வாங்கியது என்று தெரிந்துகொண்டால் பாதி இன்ஜின்கள் உடையாமல் தப்பிக்கும். அதற்காகத்தான் இந்தக் கதை.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் பிறந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி. இன்ஜினுக்குள் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையாகச் சைலன்சர் வழியே வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழற்றலாம். அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே இன்னொரு சக்கரத்தை மாட்டிக் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளலாம் என்று யோசித்து 1905இல் காப்புரிமை வாங்கினார். யோசனை சரி. ஆனால் அவ்வளவு சூட்டையும் அவ்வளவு வேகத்தையும் தாங்கும் உலோகம் அன்றைக்குக் கையில் இல்லை. கிட்டத்தட்ட இருபது ஆண்டு அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. 1920களின் நடுவில், ‘புரோய்சன்’, ‘ஹான்செஸ்டாட் டான்சிக்’ என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் இன்ஜின்களில் அவருடைய ஏற்பாடு பொருத்தப்பட்டது. 1750 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின் 2500 கொடுத்தது. அதே இன்ஜின், அதே சிலிண்டர்கள். கூடியது காற்று, அந்தக் காற்றுக்கு ஏற்ற எரிபொருள்.

இடையில் விமானக்காரர்களும் இதைத் தேடி வந்தார்கள். உயரம் போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜின் சக்தி இழக்கும். 1918இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ், ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில் ஏற்றிக் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டுபோனார். 14,000 அடிக்கு மேலே, தரையில் கொடுத்த அதே சக்தியை அந்த இன்ஜின் டர்போ உதவியால் கொடுத்தது. 1938இல் சுவிட்சர்லாந்தின் சாவ்ரர் நிறுவனம் லாரிக்கு டர்போ வைத்தது.

சாதாரண மக்கள் ஓட்டும் காருக்கு அது வந்தது 1962இல். இந்தக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்று வீட்டில் டர்போ கட்டும் ஒவ்வொருவருக்கும் வரும் கேடு அன்றைக்கே வந்துவிட்டது. ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற காரில் 3.5 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின். அதன் அமுக்க விகிதம் 10.25. ஏற்கெனவே அமுக்கம் அதிகம். அதன்மேல் டர்போவும் காற்றைத் தள்ளினால் பெட்ரோல் தீப்பொறிக்குக் காத்திராமல் தானாக வெடிக்கும். அதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றை இன்ஜினுக்குள் தெளித்தார்கள். அதற்கென்று தனித் தொட்டி. கார் வாங்கியவர்கள் பெட்ரோல் போட மறக்கவில்லை, இந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும் ஏற்பாடு இருந்தது. ஆனாலும் புகார்கள் ஓயவில்லை. பத்தாயிரத்துக்கும் குறைவான கார்களோடு இரண்டே ஆண்டில் ஜெட்ஃபயர் நின்றுபோனது. பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்பரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு டர்போ வந்த கதை சுருக்கமானது. 1982இல் டர்போ எனர்ஜி நிறுவனம் தொடங்கப்பட்டது. பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் ஃபைனான்ஸும் ஜெர்மனியின் கே.கே.கே. நிறுவனத்தோடு கைகோத்த ஏற்பாடு அது. ராணிப்பேட்டைப் பக்கத்துப் புலிவலத்திலும், சென்னைக்குத் தெற்கே பையனூரிலும் தொழிற்சாலைகள். பிறகு புகைக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டே வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 6 விதி. அதற்குள் லாரி, பஸ், டீசல் கார் எல்லாவற்றிலும் டர்போ வழக்கமான உறுப்பாகிவிட்டது. மாருதி ஸ்விஃப்ட் டீசலின் 1248 சி.சி. இன்ஜினில் இருந்தது போன்ற சின்ன டர்போக்கள், வண்டிகள் பழசாகி உடைக்கப்பட்டதும் சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. புதிது வாங்க வசதியில்லாத பந்தய ஆர்வலருக்கு அங்கேதான் வாசல் திறக்கிறது.

நம் நாட்டில் காரை நேர்கோட்டில் சீறவிட ஓர் இடம் வேண்டுமே? 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதையே வந்துவிட்டது. தேசிய டிராக் (drag) பந்தயப் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, விளக்கு பச்சையானதும் சீறி, எவ்வளவு நேரத்தில் கோட்டைத் தொடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. பேராவூரணி, அறந்தாங்கி வட்டாரத்து மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுவதுபோல் இங்கேயும் இன்ஜின் அளவை வைத்து வகுப்பு பிரிப்பார்கள். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டைக் கட்டிவிட்டு வேகம் பேசுவதில் அர்த்தமில்லை என்பது நம் ஊருக்குத் தெரியாததா?

இனி பட்டறைக்குள் வருவோம். மாருதி எஸ்டீமின் 1298 சி.சி., 16 வால்வு இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்தது 85 குதிரைத்திறன். அதற்குப் புதுப்பேட்டையில் கிடைத்த டீசல் டர்போவைப் பூட்டப் போகிறோம்.

வாங்கும்போதே டர்போவின் மூக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். காற்று நுழையும் பக்கம் தெரியும் நட்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் மிக லேசாக ஆடும். அது நோயில்லை. அந்தத் தண்டு பால் பேரிங்கில் நிற்பதில்லை, எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. எண்ணெய் இல்லாத நேரத்தில் ஆடத்தான் செய்யும். உள்ளும் வெளியுமாக இழுத்துத் தள்ளினால் ஆட்டம் விரலுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தாலோ, சக்கரத்தின் இறக்கை கூட்டில் உரசியிருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் உரசலுக்கு மன்னிப்பே கிடையாது.

அடுத்தது சூடு. டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகை சூடானது. டீசல் கார்களில் வரும் சில டர்போக்களுக்குள் புகையின் பாதையைக் கூட்டிக் குறைக்கும் அசையும் தகடுகள் இருக்கும். பெட்ரோல் இன்ஜினின் சூட்டில் அவை இறுகிப்போகும். ஆகவே தகடு இல்லாத, அழுத்தம் மிஞ்சினால் புகையை வேறு வழியில் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் மட்டும் உள்ள டர்போவாகப் பார்த்து எடுப்பது நல்லது. அதிலும் முழு நேரம் விரட்டாமல், 402 மீட்டருக்கு மட்டும் என்றால்தான் அது தாங்கும்.

இன்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டை ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யலாம். மெல்லிய சைலன்சர் குழாயில் செய்தால் சூட்டில் வெடிப்பு விடும். கனமான ஸ்டீம் பைப் பெண்டுகள், பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பிளேட். வெல்டிங் முடிந்ததும் பிளேட் வளைந்திருக்கும். லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமமாக்காமல் மாட்டினால் எந்த கேஸ்கெட்டும் நிற்காது. நம் வெல்டர்களுக்குக் கை சுத்தம். டிரெய்லரும் கலப்பையும் பற்றவைத்துப் பழகிய கை அது. அவர்களிடம் எதற்காக இது என்று சொல்லி வேலை கொடுங்கள். அவர்களே இரண்டு யோசனை சொல்வார்கள்.

பலரும் கணக்கில் விட்டுவிடுவது காற்றின் சூட்டைத்தான். காற்றை அமுக்கினால் சூடேறும். நம் ஊர் மதிய வெயிலில் 35 டிகிரிக் காற்றை உள்ளே இழுத்து, வெளிக்காற்றைவிட 0.7 பார் அதிகமாக அமுக்கினால், ஓரளவு நல்ல டர்போவிலும் அது 105 டிகிரிக்கு மேல் சூடாகித்தான் வெளியே வரும். சூடான காற்று விரிந்து கிடக்கும், அதில் எடை குறைவு. அதோடு பெட்ரோலைத் தானாக வெடிக்கவும் தூண்டும். அதனால்தான் அந்தக் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர். பழைய டீசல் காரின் இன்டர்கூலரே போதும். பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப் படும்படி நிற்கட்டும். முதல் முறைக்கு 0.5 பார் தாண்ட வேண்டாம். அதிலேயே 85 குதிரைத்திறன் என்பது 115 வாக்கில் வந்து நிற்கும்.

பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. டர்போ தள்ளும் நேரத்தில் 11.5 அல்லது 12 பங்கு காற்றுதான் பாதுகாப்பு. கம்பெனி கம்ப்யூட்டர் வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தைப் பார்த்தே பழகாதது. இங்கே இன்றைய இளைஞர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்பீடுயினோ போல, ஆர்டுயினோ பலகையில் ஓடும் திறந்த மூல இன்ஜின் கம்ப்யூட்டர்களை வீட்டிலேயே சால்டர் செய்து கட்டலாம். பாலிடெக்னிக் படித்த பையனுக்கு இது எட்டாத வேலை இல்லை. 150 குதிரைத்திறன் வரை போக நினைத்தால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்குச் சுமார் 270 சி.சி. பெட்ரோல் கொடுக்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், வெடிப்பைத் தாங்குவதில் பழைய பெட்ரோலைவிட மேல்; ஆனால் லிட்டருக்குச் சக்தி குறைவு, ஆகவே இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்க வேண்டும்.

கட்டி முடித்து ஸ்டார்ட் செய்த அன்றைக்கே தொல்லைகள் வரிசையாக வரும். முதலில் வருவது நீலப் புகை. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடியதும் சைலன்சர் நீலமாகக் கக்கும். பார்ப்பவர் எல்லாரும் “டர்போ சீல் போயிடுச்சு” என்பார்கள். பெரும்பாலும் போயிருக்காது. டர்போவின் தண்டில் ரப்பர் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம்தான் இருக்கிறது. தண்டுக்கு வந்த எண்ணெய் தடையின்றிக் கீழே வடிந்தால்தான் அந்த வளையத்தால் தாக்குப்பிடிக்க முடியும். வடிகுழாய் ஒடுங்கியிருந்தாலோ, எங்காவது மேடேறி வளைந்திருந்தாலோ, ஆயில் பானில் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே நுழைந்தாலோ எண்ணெய் தேங்கி வளையத்தைத் தாண்டிப் புகைக்குள் போகும். வடிகுழாயை அகலமாக்கி, நேர் கீழாக இறக்குங்கள். ஆயில் பிரீத்தர் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் புகைந்தால் அப்போது டர்போவைக் குறை சொல்லலாம். வாய்க்கால் வடியாவிட்டால் என்ன ஆகும் என்று அறிந்த ஊருக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, விசில் கேட்கிறது, அழுத்தம் ஏறவில்லை. எங்கோ காற்று ஒழுகுகிறது. இதற்கு ஆயிரக்கணக்கில் கருவி வேண்டாம். போர்வெல் சாமான் விற்கும் கடையில் டர்போ வாய்க்குப் பொருந்தும் பி.வி.சி. எண்ட் கேப் ஒன்று வாங்கி, நடுவில் துளையிட்டு டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்துங்கள். காற்று நுழையும் வாயில் அதை ரப்பர் ஹோஸ், கிளிப் வைத்து இறுக்கி, கால் பம்பில் 0.5 பார் வரை மெதுவாக ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், கேப் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். எதிரே நிற்கவும் கூடாது. பிறகு சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். பெரும்பாலும் இன்டர்கூலர் குழாயின் கிளிப் ஓரத்தில் நுரை கொப்பளித்துக்கொண்டிருக்கும். குழாயின் முனையில் வெல்டிங் வைத்து ஒரு சின்ன மேடு எழுப்பினால் கிளிப் நழுவாது.

அழுத்தம் ஏறும்போது இன்ஜின் திணறி விட்டு விட்டு இழுத்தால் பெட்ரோலைக் குறை சொல்லும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். அடர்ந்த காற்றில் தீப்பொறி தாண்டத் திணறும். 1 மில்லிமீட்டர் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.7க்குக் கொண்டுவந்தால் தீரும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது இன்ஜின் தட்டுவது, அதாவது பெட்ரோல் தானாக வெடிப்பது. சில நேரம் காதுக்கு எட்டும். டிராக் ஓட்டத்தின் சத்தத்தில் எட்டவே எட்டாது. சாட்சி பிளக்கில் இருக்கும். ஓட்டம் முடிந்து ஆறியதும் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் அளவில் கறுப்பும் பளபளக்கும் வெள்ளியுமாகப் புள்ளிகள் இருந்தால், அந்த வெள்ளி பிஸ்டனின் அலுமினியம். பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது. அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே: அழுத்தத்தைக் குறைத்து, தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, பெட்ரோலைக் கூட்டுவது. “இன்னும் ஒரே ஒரு ரன்” என்று போனவர்கள்தான் பிஸ்டனில் ஓட்டையோடு திரும்புகிறார்கள். ஜெட்ஃபயருக்கு வந்த வியாதி இதுதான். நிபுணர்கள் நிறைந்த கம்பெனியே தடுமாறிய இடம். ஹெட்டுக்குக் கீழே இரண்டு கேஸ்கெட் வைத்து அமுக்கத்தைக் குறைத்துவிடலாம் என்பாரும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அது ஒழுகும், ஒழுகாவிட்டாலும் எரிதலைக் கெடுக்கும்.

அறுவடை வண்டியின் டர்போவும் டிராக் காரின் டர்போவும் வாழும் விதம் வேறு. ஒன்று நாள் முழுக்கச் சுணையிலும் தூசியிலும் நின்று உழைக்கிறது. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். இன்னொன்று பதினைந்து நொடி செங்கனலாகக் கொதித்துவிட்டு நிற்கிறது. ஆனால் இரண்டையும் கொல்லும் பொதுவான காரணம் ஒன்று உண்டு: சூடாக இருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைப்பது. இன்ஜின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நிற்கும். தண்டைச் சுற்றித் தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகி வழியை அடைக்கும். செயின் வண்டி மெக்கானிக் புது டிரைவருக்குச் சொல்லும் முதல் புத்தியே இதுதான்: “தம்பி, வரப்புல ஏத்துன ஒடனே ஆஃப் பண்ணாதீங்க. ரெண்டு மூணு நிமிஷம் சும்மா ஓடட்டும்.” பந்தயத்துக்கு டர்போ கட்ட நினைப்பவர் தை, மாசியில் அந்த மெக்கானிக் பக்கத்தில் சில நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரிய டர்போவுக்குச் செலவழிக்கும் பணத்தைவிட அந்த நாட்கள் அதிகம் கொடுக்கும். அவர் பந்தயம் பார்த்திருக்க மாட்டார். டர்போ சாவதை நிறையப் பார்த்திருப்பார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பதிவு செய்த வாகனத்தை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் 189ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே டர்போ பூட்டிய கார் டிரெய்லரில் ஏறிப் போகட்டும். பந்தய உரிமமும் ஹெல்மெட்டும் இருக்கட்டும். இருங்காட்டுக்கோட்டை போல மூடிய பாதையில் ஓடட்டும். சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் வழியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை இரவில் வெறிச்சோடிக் கிடப்பதாகத் தோன்றும். விடிய நாலு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் அந்தச் சாலையில்தான் நடந்து போகிறார்கள். உங்கள் இன்ஜினை அங்கே சோதிக்காதீர்கள்.